பருத்திச் சட்டையும் ஆரல் கடலும்

நான் பருத்திச் சட்டையே அணிபவன். கொழும்பின் புழுக்கத்துக்கு அது உகந்தது என்பது ஒரு காரணம். பொலியெஸ்டர் மண்ணில் மக்காது, பருத்தி மக்கிவிடும் என்ற பெருமிதம் மற்றொன்று. அந்தப் பெருமிதத்தைக் கலைத்திருக்க வேண்டிய செய்தியொன்று 1990களின் தொடக்கத்தில் என் மேசைக்கே வந்தது.

மத்திய ஆசியாவின் ஆரல் கடல், ஒரு காலத்தில் உலகின் நான்காவது பெரிய ஏரி. 1960களிலிருந்து சோவியத் ஆட்சி, அதற்கு நீரூட்டிய அமு தாரியா, சிர் தாரியா ஆறுகளைப் பருத்தி வயல்களுக்குத் திருப்பியது. ஏரி வற்றியது. மொய்னாக் துறைமுகத்தின் மீன்பிடிக் கப்பல்கள் மணலில் நின்று துருப்பிடித்தன. காய்ந்த தரையிலிருந்து உப்பும் பூச்சிகொல்லி எச்சமும் கலந்த புழுதி எழுந்து ஊர்கள்மீது படிந்தது.

இவ்வளவையும் நான் நான்கு வரிகளாகச் சுருக்கினேன். தீபாவளி நெருங்கியிருந்தது, பக்கத்தின் பாதியைப் புடவைக்கடை விளம்பரமொன்று பிடித்திருந்தது. மீதி இடத்தில் அவ்வளவுதான் அடங்கும் என்று அன்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

2005இல் கட்டிமுடிக்கப்பட்ட கொக்காரல் அணையால் ஏரியின் வடபகுதி ஓரளவு மீண்டிருக்கிறது. தென்பகுதியின் பெரும்பரப்பு பாலைவனமாகிவிட்டது.

இன்றும் பருத்திதான் அணிகிறேன். புதிதாக வாங்குவது அரிது. கொலர் தேய்ந்தால் திருப்பித் தைக்கக் கொடுக்கிறேன். தையற்காரர் என்னைக் கஞ்சன் என்றே எண்ணுகிறார்.