28 நாள் பஞ்சாங்கம்

அடுத்த முறை விமானம் ஏறி, பெல்ட்டை மாட்டிக்கொண்டு, சாண்ட்விச் சும்மா தருவார்களா, காசு கேட்பார்களா என்று எட்டிப் பார்க்கும்போது ஒரு விஷயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். முன்னால், காக்பிட்டின் கம்ப்யூட்டருக்குள் உங்கள் பயணத்துக்கான பஞ்சாங்கம் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆயுசு 28 நாள்தான்.

ரன்வேக்கள், ரேடியோ நிலையங்கள், இறங்கும் பாதைகள், ஆகாயத்தில் கற்பனையாகப் புள்ளி வைத்து ஐந்தெழுத்தில் பெயரிட்ட இடங்கள் எல்லாம் அதில் அடக்கம். இவை மாறிக்கொண்டே இருக்கும். ரன்வேயை நீட்டுவார்கள், ஒரு நிலையத்தை மூடுவார்கள். பூமியின் காந்த வடக்கு நகர்வதால் ரன்வே நம்பர்கூட மாறும். ஆளாளுக்கு நினைத்த நாளில் மாற்றினால் விபரீதம் என்று 1964-ல் சர்வதேச சிவில் விமான அமைப்பு ஒரு ஏற்பாட்டைக் கொண்டு வந்தது. பெயர் ‘ஏராக்’. முக்கியமான மாற்றங்களை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 28 நாளுக்கு ஒரு முறை, உலகம் முழுக்க ஒரே தேதியில் அமலாக வேண்டும். அது எப்போதும் வியாழக்கிழமை. வருஷத்துக்கு 13 முறை வரும். 2020-ல் ஜனவரி 2-ல் ஆரம்பித்து டிசம்பர் 31-க்குள் 14 முறை வந்துவிட்டது.

மெயின்டனன்ஸ் ஆட்கள் புதுசை முன்னதாகவே ஏற்றிவிடுவார்கள். கம்ப்யூட்டரில் நடப்பு, அடுத்தது என்று இரண்டும் இருக்கும். பைலட் முதல் பக்கத்தில் தேதியைப் பார்த்து மாற்றிக்கொள்ள வேண்டும். போயிங் 747-400-ல் இதை ஏற்றுவதற்கு மூன்றரை அங்குல ஃப்ளாப்பிதான் என்பது 2020-ல் வெளியே தெரிந்து பலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. நான் அதற்கும் முந்தின ஜாதி.

இளவயதில் சில மாதம் ஓர் அலுவலகத்தில் எனக்கு இதே வேலை, காகிதத்தில். ஏழு வளையம் வைத்த தடிமனான பைண்டர்கள், வெங்காயத் தோல் மாதிரி தாள்கள். கவர் வந்ததும் பழசை எடு, புதுசைப் போடு, முதல் பக்கத்தில் கையெழுத்துப் போடு. இந்த உலகத்தில் இதைவிட அலுப்பான வேலை கிடையாது. ஒரு நாள் மாட்னி ஷோ அவசரத்தில் புதுசைப் போட்டேன், பழசை எடுக்கவில்லை. கையெழுத்தை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து ஒரு கேப்டன் பைண்டரோடு வந்தார். கத்தவில்லை. “தம்பி, ரெண்டும் இருக்கே. ராத்திரி, மழையில நான் எதை நம்பறது?” என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன்.

பின்னாளில் எரெபஸ் விபத்தைப் பற்றிப் படித்தபோது அந்தக் கேள்வி திரும்ப வந்தது.

1979 நவம்பர் 28. ஏர் நியூஸிலாந்தின் டிசி-10 ஆக்லாந்திலிருந்து அண்டார்டிகாவைச் சுற்றிக் காட்டக் கிளம்பியது. விமானத்தில் 257 பேர். கம்ப்யூட்டரில் இருந்த பாதையில் தீர்க்கரேகை 166 டிகிரி என்பதற்குப் பதில் 164 என்று தப்பாக டைப் ஆகி, 14 மாதமாக அப்படியே இருந்தது. அந்தத் தப்பான பாதை, வேடிக்கையைப் பாருங்கள், சமதளமான உறைகடல் மேலே பத்திரமாகப் போனது. பைலட்டுகளுக்கு பிரீஃபிங்கில் காட்டியதும் அதுதான். கேப்டன் ஜிம் காலின்ஸ் முந்தின ராத்திரி வீட்டில் மேப்பை விரித்துக் குறித்துப் பார்த்ததும் அதைத்தான்.

அதே ராத்திரி அலுவலகத்தில் எண்ணைத் திருத்தினார்கள். சின்ன மாற்றம் என்று நினைத்தார்கள். பாதை 40 கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே தள்ளி, 3,794 மீட்டர் உயர எரெபஸ் எரிமலையின் நேர் எதிரே போய்விட்டது. பைலட்டுகளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. வெள்ளை மேகத்துக்கு அடியில் வெள்ளைச் சரிவு, கண்ணுக்கு மலையே தெரியாது. கடல் மேல் இருப்பதாக நம்பித் தாழ்வாக இறங்கினார்கள். யாரும் பிழைக்கவில்லை.

தப்பு இருந்தவரை விமானங்கள் பத்திரமாகத் திரும்பி வந்தன. திருத்திய மறுநாள் விழுந்தது. இதை எத்தனை தரம் படித்தாலும் எனக்கு ஜீரணமாவதில்லை.

முதல் விசாரணை 1980-ல் பைலட்டுகள் பக்கம் கை காட்டியது. 1981-ல் நீதிபதி பீட்டர் மேஹனின் கமிஷன், சொல்லாமல் பாதையை மாற்றியதுதான் பிரதான காரணம் என்றது. விமான நிறுவனத்தைப் பற்றி அவர் சொன்ன கடுமையான வார்த்தைகள் லண்டன் ப்ரிவி கவுன்சில் வரை போய் அடிபட்டன. குடும்பங்களிடம் நியூஸிலாந்து அரசு மன்னிப்புக் கேட்டது 2019-ல், பிரதமர் ஜெசிந்தா ஆர்டர்ன் மூலமாக. நாற்பது வருஷம். அதற்குள் எத்தனை அம்மா அப்பாக்கள் போய்ச் சேர்ந்திருப்பார்கள்?

என் கேப்டன் அன்றைக்கு மேலே ரிப்போர்ட் எதுவும் பண்ணவில்லை. அந்தப் பழைய தாளை வளையத்திலிருந்து உருவி என் கையில் கொடுத்து, “நீயே கிழி” என்றார். கிழித்தேன். குப்பைக்கூடையில் விழுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போனார்.