பத்துக் காசும் ஒரு கேள்வியும்

ஜப்பான் பிரயாணம் என்று தெரிந்ததும் வீட்டில் ஆளுக்கொரு ஜாபிதா நீட்டினார்கள். அம்மாவுக்குப் பீங்கான் கிண்ணம். என் மனைவிக்கு விசிறி. அக்கா மட்டும் எதுவும் கேட்கவில்லை. அக்காவின் பையன் டாக்ஸி வரை வந்து என் காதோரம் குனிந்தான்.

"மாமா, கியோட்டோவுக்குப் போறீங்க இல்லே? நிண்டெண்டோ கம்பெனி அங்கேதான் இருக்கு. அடுத்ததா என்ன கேம் பண்ணப் போறாங்கன்னு கேட்டுக்கிட்டு வாங்க!"

இந்த ரகசியக் குரலுக்குக் காரணம் உண்டு. அவனுடைய விளையாட்டுப் பெட்டி அந்தச் சமயம் அக்காவின் பீரோவில், பட்டுப் புடவைகளுக்கு அடியில், சிறைவாசம் அனுபவித்துக்கொண்டிருந்தது. அரைப் பரீட்சையில் கணக்குக்கு 35 மார்க் வாங்கியதன் பலன்!

ஆனால் அக்காவின் காதும் லேசுப்பட்டதல்ல. "தம்பி, அப்படியே இன்னொண்ணும் கேட்டுக்கிட்டு வா. இந்தப் பெட்டியைச் செய்யறவங்க வீட்டிலே பெண்டுபிள்ளைகள் உண்டா இல்லையா? அவங்களை ஒரு தடவையாவது நினைச்சுப் பார்க்கிறாங்களா?" என்றாள்.

இப்படியாக, வாங்க வேண்டிய சாமான்கள் இரண்டு, கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு என்ற கணக்கோடு விமானம் ஏறினேன்.

* * *

கியோட்டோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஜப்பானின் தலைநகராக இருந்த ஊர். திரும்பின பக்கமெல்லாம் ஒரு கோயில், ஒரு தோட்டம், ஒரு சின்னப் பாலம். இந்த ஊரில் வீடியோ கேம் கம்பெனியா என்று எனக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. துணைக்கு வந்த வழிகாட்டிப் பெண் சிரித்துக்கொண்டே காமோ நதிக்குப் பக்கத்தில் ஒரு சந்துக்கு அழைத்துப் போனாள். அங்கே 1930-ல் கட்டிய அழகான பழைய கட்டடம் ஒன்று நின்றது. இப்போது அது மாருஃபுகுரோ என்ற ஹோட்டல். 2022-ல் திறந்தார்கள், மொத்தம் 18 அறைகள். ஆனால் வாசலில் பழைய பெயர்ப் பலகையை எடுக்காமல் வைத்திருக்கிறார்கள்.

"என்ன எழுதியிருக்கிறது?" என்றேன்.

"சீட்டுக்கட்டுக் கம்பெனி!" என்றாள்.

உண்மைதான். 1889-ல் ஃபுஸாஜிரோ யமவுச்சி என்பவர் நிண்டெண்டோவைத் தொடங்கியது பூச்சீட்டு விற்பதற்காக. ஹனஃபுதா என்று பெயர். மொத்தம் 48 சீட்டுகள். மாதத்துக்கு ஒரு மரம் அல்லது செடி. ஒவ்வொன்றுக்கும் நான்கு சீட்டு. ஜனவரிக்குப் பைன் மரம், மார்ச்சுக்குச் செர்ரிப் பூ, செப்டம்பருக்குச் சாமந்தி. ஒரு பஞ்சாங்கத்தையே கையில் விசிறிபோல விரித்துப் பிடிக்கலாம்!

1949-ல் அவருடைய கொள்ளுப்பேரன் ஹிரோஷி யமவுச்சி, காலேஜ் படிக்கும் வயதில், முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். பிளாஸ்டிக் சீட்டு போட்டார். 1959-ல் சீட்டின் மேல் டிஸ்னி பொம்மைகளைப் போட்டார். வியாபாரம் ஓஹோ என்று நடந்தது. ஆனாலும் மனிதருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. 1956-ல் அமெரிக்காவுக்குப் போயிருந்தபோது, உலகத்திலேயே பெரிய சீட்டுக் கம்பெனியின் ஆபீஸைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அது இத்தனூண்டுதான் இருந்ததாம்! 'உச்சாணிக் கொம்பே இவ்வளவுதானா? அப்படியானால் அடுத்தது என்ன?'

என் மருமகனுடைய அதே கேள்வி!

பதிலைத் தேடிப் பெரியவர் டாக்ஸி ஓட்டிப் பார்த்தார். வெந்நீர் ஊற்றினால் சாதமாகும் உடனடி அரிசி விற்றுப் பார்த்தார். ஒன்றும் நிலைக்கவில்லை. 1960-களின் நடுவில் சீட்டு வியாபாரமும் படுத்துவிட்டது. அந்த வாசல் படியில் நின்றபோது, கடன்காரனுக்குப் பதில் சொல்லும் கவலையோடு அவர் எத்தனை படி ஏறி இறங்கியிருப்பார் என்று தோன்றியது.

* * *

மீதிக் கதை ஊஜியில் கிடைக்கிறது. கியோட்டோவுக்குத் தெற்கே, பச்சைத் தேயிலைக்குப் பேர் போன ஊர் அது. மின்சார ரயிலில் ஓகுரா ஸ்டேஷனில் இறங்கிச் சில நிமிஷம் நடந்தால் நிண்டெண்டோ மியூசியம். 1969-ல் கட்டிய தங்கள் பழைய தொழிற்சாலையை 2024 அக்டோபரில் மியூசியமாக மாற்றித் திறந்திருக்கிறார்கள். போன உடனே டிக்கெட் வாங்கிவிடலாம் என்று நினைக்காதீர்கள். முன்னதாகவே விண்ணப்பம் போட்டு, குலுக்கலில் பெயர் விழ வேண்டும். எனக்கு விழுந்தது. அம்மாவின் பிரார்த்தனை!

உள்ளே போனதும் ஆளுக்குப் பத்துக் காசு கொடுக்கிறார்கள். நிஜக் காசு அல்ல; நுழைவுச் சீட்டில் கணக்காக ஏறியிருக்கும். ஒவ்வொரு விளையாட்டுக்கும் இத்தனை காசு என்று கழித்துக்கொள்வார்கள். பத்துக் காசுக்குள் எல்லாவற்றையும் ஆடிப் பார்க்க முடியாது. மேற்கொண்டு வாங்கவும் முடியாது. எதை ஆடுவது, எதை விடுவது? சந்தையில் குறைந்த பணத்தோடு நிற்கும் குடும்பத் தலைவியின் நிலைமைதான் எனக்கும்!

முதல் செலவாக ஒரு நீட்டுக்கையை எடுத்தேன். கத்திரிக்கோல் கைப்பிடி போலப் பிடித்து அழுத்தினால், மடிப்பு மடிப்பாக விரிந்து எட்டத்தில் உருளும் பந்தைக் கவ்வும். அல்ட்ரா ஹாண்ட் என்று பெயர். இதற்குப் பின்னால் ஒரு கதை உண்டு. 1965-ல் குன்பெய் யோகோய் என்ற இளைஞர் சீட்டு அச்சிடும் இயந்திரங்களைப் பழுது பார்க்கும் வேலைக்கு வந்தார். வேலை குறைவு, பொழுது அதிகம். தமக்குத் தாமே இந்த நீட்டுக்கையைச் செய்து விளையாடிக்கொண்டிருந்தபோது முதலாளியின் கண்ணில் பட்டுவிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்திருப்பார். முதலாளியோ, "இதையே விற்பனைக்குச் செய்" என்றார்! 1966-ல் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

டாக்ஸியிலும் அரிசியிலும் தேடிய 'அடுத்தது', வீட்டுக்குள்ளேயே ஒரு ரிப்பேர்க்காரரின் கையில் இருந்திருக்கிறது.

யோகோய்க்கு ஒரு கொள்கை. புத்தம் புதிய, விலை உயர்ந்த கருவியைத் துரத்தாதே; எல்லோருக்கும் பழகிப்போய் மலிவாகிவிட்ட சரக்கை எடுத்து, யாரும் நினைக்காத வேறொரு காரியத்துக்குப் பயன்படுத்து. பழைய சாதத்தைத் தாளித்து விருந்தாளியை மயக்கும் நம் பாட்டிமார்களுக்கு இதை யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை! 1989-ல் வந்த கேம் பாய் இந்தக் கொள்கையின் பிள்ளை. போட்டிக்காரர்கள் வண்ணத் திரை வைத்தார்கள். சில மணி நேரத்தில் பாட்டரி தீர்ந்தது. இவர் வண்ணமே இல்லாத திரை வைத்தார். நான்கு சின்ன பாட்டரியில் நாள் கணக்கில் ஓடியது. பின்னால் வந்த வண்ணப் பெட்டியையும் சேர்த்து 11 கோடிக்கு மேல் விற்றது.

அதே யோகோய் செய்த இன்னொரு பெட்டியும் உண்டு. 1995-ல் வந்த வர்ச்சுவல் பாய். கண்ணை வைத்துப் பார்த்தால் கறுப்புப் பின்னணியில் வெறும் சிவப்புப் படம். எட்டு லட்சம்கூட விற்கவில்லை. ஒரு வருஷத்துக்குள் கடையைக் கட்டினார்கள். கெட்டிக்காரருக்கும் அடுத்த அடி சறுக்கும்.

* * *

மியூசியத்தில் கட்டில் அகலத்துக்கு ஒரு விளையாட்டுக் கருவி கிடக்கிறது. நம் பிள்ளைகள் இரண்டு கட்டை விரலால் தட்டும் கருவியையே அவ்வளவு பெரிதாகச் செய்திருக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்தால்தான் ஆட முடியும். தனியாக நின்ற என்னை, பேத்தியோடு வந்திருந்த ஒரு பாட்டி கையசைத்துக் கூப்பிட்டார். எனக்கு ஜப்பானிய மொழி தெரியாது. பாட்டிக்கு வேறு மொழி தெரியாது. மாரியோ ஓட வேண்டிய திசையை நான் அழுத்தினேன். குதிக்கும் பித்தானைப் பாட்டி இரண்டு கையாலும் அழுத்தினார். நான் ஓடும்போது அவர் குதிக்கவில்லை. அவர் குதிக்கும்போது நான் ஓடவில்லை. மாரியோ பள்ளத்தில் விழுந்தான். பேத்தி தலையில் அடித்துக்கொண்டாள். பாட்டி சிரித்த சிரிப்பில் எனக்கும் கண்ணில் நீர் வந்துவிட்டது.

அப்போதுதான் அக்காவின் கேள்வி ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பதில் 2006-ல் வெளிவந்த வீ என்ற பெட்டியில் இருக்கிறது. மற்றக் கம்பெனிகள் 'இன்னும் சக்தி, இன்னும் தத்ரூபம்' என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்த காலம். நிண்டெண்டோவின் தலைவர் ஸடோரு இவாடாவும், மாரியோவைப் படைத்த ஷிகெரு மியமோட்டோவும் வேறு விதமாக யோசித்தார்கள். வீட்டில் எல்லோரும் தொடக்கூடிய பெட்டி எது? தாய்மார்கள் வேண்டும் என்று சொல்லக்கூடிய பெட்டி எது? சட்டென்று ஆரம்பமாக வேண்டும், சத்தம் போடக்கூடாது, மின்சாரம் அதிகம் தின்னக்கூடாது, கூடத்தில் ஒயர் காலைத் தடுக்கக்கூடாது. இதையெல்லாம் மியமோட்டோவும் அவருடைய சகாக்களும் பேட்டிகளிலேயே சொல்லியிருக்கிறார்கள். கையை வீசினால் திரையில் மட்டை வீசும் அந்தப் பெட்டி 10 கோடிக்கு மேல் விற்றது.

அக்கா, உன்னை நினைத்துத்தான் பார்த்திருக்கிறார்கள்!

ஆனால் அடுத்து 2012-ல் வந்த வீ யூ 1 கோடியே 35 லட்சத்தோடு நின்றுவிட்டது. கம்பெனி நஷ்டம் கண்டது. ஆட்களைக் குறைக்கச் சொல்லிப் பங்குதாரர்கள் பக்கத்திலிருந்து கேள்வி எழுந்தது. வேலை போய்விடுமோ என்று பயந்துகொண்டிருப்பவர்களால் ஜனங்களைச் சந்தோஷப்படுத்தும் விளையாட்டைச் செய்ய முடியாது என்பது இவாடாவின் கட்சி. 2014-ல் தம் சம்பளத்தைச் சில மாதங்களுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார். அடுத்த வருஷம் காலமாகிவிட்டார். அவர் காலத்தில் தொடங்கிய ஸ்விட்ச் 2017-ல் வந்து, 15 கோடிக்கு மேல் விற்றதை அவர் பார்க்கவில்லை.

எல்லோருக்கும் இந்தக் கொடுப்பினை கிடையாது. டோக்கியோவில் டாங்கோ கேம்வொர்க்ஸ் என்ற ஸ்தாபனம் 2023-ல் வெளியிட்ட ஹைஃபை ரஷ் பரிசுகளும் பாராட்டும் பெற்றது. அப்படியும் 2024 மே மாதம் அதன் உரிமையாளரான மைக்ரோஸாஃப்ட், அந்த ஸ்தாபனத்தை மூடுவதாக அறிவித்தது. சில மாதம் கழித்து ஒரு கொரியக் கம்பெனி கைகொடுத்து எடுத்துக்கொண்டது. இந்தத் தொழிலில் ஒரு பெரிய விளையாட்டைச் செய்ய நூற்றுக்கணக்கான பேர் பல வருஷம் உழைக்க வேண்டியிருக்கிறது. எதை எடுப்பது என்ற கேள்வியில் அத்தனை வீட்டு அடுப்பும் அடங்கியிருக்கிறது.

* * *

திரும்பி வரும் வழியில், அதே ரயில் பாதையில் ஜூஜோ ஸ்டேஷனில் இறங்கினேன். அங்கிருந்து நடக்கும் தூரத்தில் நிண்டெண்டோவின் தலைமைக் காரியாலயம். சதுரமாக, வெள்ளை வெளேரென்று, ஓர் அலங்காரமும் இல்லாத கட்டடம். வெளியாட்களுக்கு உள்ளே அனுமதி இல்லை. நானும் மருமகனுடைய கேள்வியும் எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றோம்.

உள்ளே நடப்பதில் வெளியே தெரிந்தது கொஞ்சம்தான். ஒரு சமயம் இளைஞர்கள் சிலர், டோஃபுத் துண்டு மாதிரி ஒரு வெள்ளைக் கட்டி மையைப் பீய்ச்சித் தரையைத் தன்னுடையதாக்கும் விளையாட்டைச் செய்து காட்டினார்கள். ஆட்டம் நன்றாயிருந்தது, டோஃபுதான் நன்றாயில்லை! முயலாக்கிப் பார்த்தார்கள். கடைசியில், மை பீய்ச்சப் பிறந்த கணவாய் மீனாக்கினார்கள். 2015-ல் வந்த ஸ்ப்ளட்டூன் அதுதான். இன்னொரு கதை நேர்மாறானது. மெட்ராய்ட் பிரைம் 4 வருகிறது என்று 2017-ல் அறிவித்தார்கள். 2019 ஜனவரியில், 'எதிர்பார்த்த தரம் வரவில்லை. முதலிலிருந்து தொடங்குகிறோம்' என்று பகிரங்கமாகச் சொன்னார்கள். கோணலாகிவிட்ட கோலத்தைத் தண்ணீர் தெளித்து அழித்துவிட்டு மறுபடி புள்ளி வைக்கிற மாதிரி! விளையாட்டு வந்தது 2025 டிசம்பரில்.

தேர்ந்தெடுக்கும் மேஜையைச் சுற்றி யார் உட்காருகிறார்கள் என்பதும் முக்கியம். அயா க்யோகோகு என்ற பெண்மணி ஆரம்பத்தில் தம் குழுவில் தாம் ஒருவரே பெண்ணாக இருந்ததாகச் சொல்லியிருக்கிறார். பிறகு அவரே இயக்குநர்களில் ஒருவராக இருந்து உருவாக்கிய அனிமல் கிராஸிங் விளையாட்டின் குழுவில் ஏறக்குறையப் பாதிப் பேர் பெண்கள். அதில் சண்டை கிடையாது. வீடு கட்டலாம், செடி வைக்கலாம், அண்டை அயலாரோடு பேசலாம். 2020 மார்ச்சில் அவர் இயக்கத்தில் அடுத்த பாகம் வந்தபோது உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. கோடிக்கணக்கான பேர் அந்தக் கற்பனைத் தீவில்தான் பக்கத்து வீட்டுக்குப் போய்வந்தார்கள்.

வெள்ளைக் கட்டடத்தில் விளக்குகள் எரிய ஆரம்பித்தன. ஒவ்வொரு ஜன்னலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவர் கையில் பத்துக் காசோடு நிற்பதாகத் தோன்றியது எனக்கு.

* * *

"கேட்டீங்களா மாமா?" என்று மருமகன் விமான நிலையத்திலேயே பிடித்துக்கொண்டான்.

"சொல்ல மாட்டேன் என்றுவிட்டார்கள். இதைக் கொடுத்தனுப்பினார்கள்" என்று ஒரு பூச்சீட்டுக் கட்டைக் கையில் வைத்தேன். முகம் வாடிவிட்டது. ஆனால் இரவு சாப்பாடு ஆனதும் அக்காதான் சீட்டை எடுத்து மாதவாரியாகப் பரப்ப ஆரம்பித்தாள். "செப்டம்பருக்குச் சாமந்தியா? பரவாயில்லையே!" அம்மாவும் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டிக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும் விடுதலை என்று அன்றே தீர்ப்பும் ஆயிற்று.

இப்போது பையன் பழைய கல்யாணப் பத்திரிகைகளை வெட்டி, தமிழ் மாதங்களுக்குப் பூச்சீட்டு செய்துகொண்டிருக்கிறான். சித்திரைக்கு வேப்பம்பூ, மார்கழிக்குப் பூசணிப்பூ. இரண்டும் உடனே முடிந்தது. ஐப்பசியில் வந்து மூன்று நாளாக நிற்கிறான். அம்மா ஒரு பூச் சொல்கிறாள், அக்கா ஒரு பூச் சொல்கிறாள். எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியாமல் விழிக்கிறான்.

"ரொம்பக் கஷ்டம் மாமா!" என்கிறான்.

வாசக நேயர்களே, ஐப்பசிக்கு என்ன பூ? தெரிந்தவர்கள் ஒரு வரி எழுதிப் போடுங்கள்.