நாடி முள்

வைத்தியர் கை பிடித்து நாடி பார்ப்பதுபோல், எஞ்சின் காற்றை இழுக்கும் பலத்தைப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு: வாக்குவம் கேஜ். காம்ஷாப்ட் மாற்றிய எங்கள் பழைய அம்பாஸிடருக்கு ஏற்காட்டில் ஒருவர் அதை மாட்டினார். ஐடிலில் முள் 12 பாதரச அங்குலம் காட்டிற்று.

“17-லிருந்து 21 வரை இருக்கணும், சார். ஹெட்டைக் கழற்றிவிடலாம்” என்றார். மகளின் கல்லூரிச் சம்பளம் என் கண்முன்னே பறந்தது.

மலையிறங்கி, சேலத்தைத் தாண்டி, நாமக்கல்லில் லாரிகளோடு வாழ்நாளைக் கழித்த ஒரு பெரியவரிடம் வண்டியை விட்டேன். அங்கே அதே முள் 16-ல் நின்றது.

“மேலே காத்து மெல்லிசுங்க. 1000 அடிக்கு ஒரு அங்குலம் குறையும். மிச்சக் குறை காம் மாத்தினதாலே. வால்வு போயிருந்தா முள் தாளம் போட்டாப்பலே விழுந்து விழுந்து எந்திரிக்குமுங்க. இது ஆடவே இல்லீங்களே!”

ஏற்காடு நாமக்கல்லைவிட 4000 அடிக்குமேல் உயரம். கணக்கு சரியாகத்தான் இருந்தது. ஹெட் பிழைத்தது, சம்பளமும் பிழைத்தது.

மனிதர்களையும் நாம் இப்படித்தான் எண்ணை வைத்து எடை போடுகிறோம். எந்த மேட்டில் நின்று மூச்சு வாங்குகிறார்கள் என்று யார் கேட்கிறோம்?