சிரிக்கவும் வேண்டாம், சும்மா இருக்கவும் வேண்டாம்

 

தரம் 1க்குப் பிள்ளையைச் சேர்க்க வரும் உம்மாமாரும் அம்மாமாரும் தயங்கித் தயங்கிக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "ரீச்சர், பிள்ளைக்குக் கதை தெளிவில்லை. பிறகு சரிவருமோ?" பள்ளிக்கூட வாசலில் நின்று பதில் சொல்லி முடியாது. அதனால் ஆசிரியர்களாகிய நாங்கள் இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம். சின்னப்பிள்ளை உள்ள வீடுகள் பொறுமையாக வாசியுங்கள்.

பேச்சு ஒரே நாளில் வருவதில்லை. ஒலி ஒலியாக வருகிறது. இரண்டு மூன்று மாதத்தில் பிள்ளை 'ஆ', 'ங்கா' என்று குரல் விடும். ஆறேழு மாதத்தில் 'பாபா', 'மாமா', 'தத்தா' என்று அடுக்கும். ஒரு வயதை ஒட்டி முதல் சொல் வரும். உதட்டை மூடித் திறந்தால் போதும், ம, ப இரண்டும் வந்துவிடும். அதனால்தான் உலகத்தின் பல மொழிகளில் பெற்றோரைக் கூப்பிடும் சொற்களில் இந்த ஒலிகள் இருக்கின்றன. எங்கள் தீவுகளின் அம்மா, அப்பா, உம்மா, வாப்பா நாலும் அப்படித்தான்.

மற்ற ஒலிகள் அவ்வளவு இலகு இல்லை. க சொல்ல நாக்கின் அடி மேலே எழும்ப வேண்டும். ர சொல்ல நுனி சட்டென்று தட்ட வேண்டும். எந்த எழுத்து வாயில் எங்கே பிறக்கிறது என்று சொல்ல தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருக்கிறது. பெரியவர்கள் யோசிக்காமல் செய்யும் அந்த வேலையைப் பிள்ளையின் வாய் ஒவ்வொன்றாகப் பழக வேண்டும். பழகும்வரை, வராத ஒலிக்குப் பதிலாக வருகிற ஒலியைப் போடும். கடல் 'தடல்' ஆகும். சோறு 'தோறு' ஆகும். இறால் 'இயால்' ஆகும். நெடுந்தீவுக் குதிரை 'துதியை' ஆகும். கவனித்துப் பாருங்கள்: கடலைத் தடல் என்கிற பிள்ளை பெரும்பாலும் கப்பலையும் 'தப்பல்' என்றுதான் சொல்லும். அது கவனக்குறைவு அல்ல. பிள்ளை ஓர் ஒழுங்கோடுதான் பிழை விடுகிறது.

27 மொழிகளில் நடந்த ஆய்வுகளை 2018 இல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். ஐந்து வயதளவில் பிள்ளைகள் தங்கள் மொழியின் மெய்யொலிகளில் பெரும்பாலானவற்றைப் பிடித்துவிடுகிறார்கள் என்று கண்டார்கள். ர போன்ற ஒரு சில ஒலிகள் அதற்குப் பிறகும் வரலாம்.

வாய்க்கு முன்னே காது படிக்கிறது. 1984 இல் கனடாவில் ஜனட் வேர்க்கர், ரிச்சர்ட் ரீஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு ஹிந்தியின் த, ட ஒலிகளைக் கேட்கக் கொடுத்தார்கள். ஆறு முதல் எட்டு மாதக் குழந்தைகள் பெரும்பாலும் வித்தியாசத்தைப் பிடித்தன. பத்து முதல் பன்னிரண்டு மாதக் குழந்தைகளில் மிகச் சிலவே பிடித்தன. ஹிந்தி கேட்டு வளர்ந்த குழந்தைகளுக்கோ ஒரு வயதை நெருங்கும்போதும் அந்த வித்தியாசம் கேட்டது. அதாவது முதல் வருடத்துக்குள்ளேயே காது வீட்டு மொழிக்குத் தன்னைப் பழக்கிக்கொள்கிறது. அந்தக் காலத்தில் காது சரியாகக் கேட்காவிட்டால் இழப்புப் பெரிது.

எது பிழை, எது ஊர் வழக்கு என்பதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் வாழைப்பழத்தைப் பெரியவர்களே 'வாளப்பளம்' என்றுதான் சொல்கிறோம். பிள்ளை அதைச் சொன்னால் அது குறை அல்ல, வீட்டில் கேட்டது. 1990 ஒக்ரோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் புத்தளத்தில் பிள்ளை பெற்று வளர்த்துத் திரும்பி வந்தார்கள். அந்த வீட்டுப் பிள்ளைகளின் பேச்சு வகுப்பில் கொஞ்சம் வேறாகக் கேட்கும். அதற்குப் பேர் பேச்சுக் குறை அல்ல. தயவு செய்து மற்றப் பிள்ளைகளைச் சிரிக்க விடாதீர்கள்.

இப்போது சொல்ல வந்ததுக்கு வருகிறோம். எங்கள் ஊர்களில் இரண்டு பழக்கம் இருக்கிறது.

ஒன்று, சிரிப்பது. விருந்தாளி வந்தால் "கடல் சொல்லு பாப்பம்" என்று கேட்டு, 'தடல்' வந்ததும் வீடே சிரிக்கும். மூன்று வயதில் அது விளையாட்டு. ஐந்து வயதில் அந்தப் பிள்ளை வகுப்பில் வாயைத் திறக்காது. திருத்த நல்ல வழி இருக்கிறது. பிள்ளை "தடல்" என்றால், "ஓம், கடல்தான். கடலிலே படகு போகுது பார்" என்று சரியான சொல்லைத் திருப்பிக் கொடுங்கள். திரும்பச் சொல்லச் சொல்லி வற்புறுத்த வேண்டாம். ஓதிக்கொடுக்கும் ஹஸ்ரத்மாரிடமும் இதே வேண்டுகோள்: தாய்மொழியின் ர இன்னும் வராத நாலு வயதுப் பிள்ளைக்கு ஐன் எழுத்து உடனே வராது. அடித்தால் வரப்போவதும் இல்லை.

மற்றது, சும்மா இருப்பது. "வாப்பாவும் பிந்தித்தான் கதைச்சவர், இவனும் கதைப்பான்" என்று விட்டுவிடுவது. பத்து மாதமாகியும் 'பாபா, மாமா' என்று அடுக்காத பிள்ளை, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை, ஒன்றரை வயதாகியும் ஒரு சொல்லும் வராத பிள்ளை, வந்த சொற்கள் மறைந்துபோகும் பிள்ளை, அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளை, மூன்று வயதாகியும் வீட்டாருக்கே பேச்சு விளங்காத பிள்ளை: இவர்களுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதலில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். காதைச் சோதிக்கக் கேளுங்கள். பிறகுதான் பேச்சுச் சிகிச்சை.

கஷ்டம் எங்களுக்குத் தெரியும். நயினாதீவில் இருந்தும் நெடுந்தீவில் இருந்தும் குறிகட்டுவானுக்குப் படகு, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ். கடல் கொந்தளித்தால் அதுவும் இல்லை. ஒரு நாள் கூலி போய்விடும். ஆனாலும் இரண்டு வயதில் போகும் ஒரு பயணமும் ஏழு வயதில் போகும் ஒரு பயணமும் ஒரே பலன் தராது.

போனைக் கையில் கொடுத்தால் பேச்சு வரும் என்றும் நம்பாதீர்கள். 2003 இல் அமெரிக்காவில் பட்றிசியா கூலின் குழு ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்கக் கொடுத்தது. ஆள் நேரில் இருந்து விளையாடிக் கதைத்தபோது குழந்தைகள் அந்த ஒலிகளைப் பிடித்தன. அதையே திரையில் காட்டியபோது பிடிக்கவில்லை. மீன் கழுவும்போதும் முற்றம் கூட்டும்போதும் உங்கள் வாயிலிருந்து வருகிற கதைதான் பிள்ளைக்கு மருந்து.

நபி மூஸா (அலை) அவர்களே தங்கள் நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி இறைவனிடம் கேட்டார்கள். நாவு கட்டுப்படுவது வெட்கப்படும் விசயம் அல்ல. துஆவும் கேட்போம், படகும் ஏறுவோம்.

உங்கள் பக்கத்து வீட்டில் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் இதை அந்த உம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள்.