செல்போனுக்குத் தடை... பதற்றத்துக்கு?

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறது அகஸ்டா நேஷனல் கோல்ஃப் மைதானம். ஒருகாலத்தில் நர்சரியாக இருந்த இடம். அதனால் 18 குழிகளுக்கும் செடி, மரங்களின் பெயர்தான். ஏப்ரல்தோறும் இங்கே மாஸ்டர்ஸ் போட்டி நடக்கும். பார்வையாளர்கள் செல்போன் கொண்டுவரக் கூடாது. வீரர் பந்தை அடிக்கும்போது அப்படியோர் அமைதி!

ஆனாலும், 12-வது குழி வந்தால் பலருக்கும் படபடப்புதான். தூரம் 155 யார்டுதான். 3 அடிகளில் முடிக்க வேண்டும். முன்னால் ஓடை, பின்னால் அசேலியா பூக்கள். உயரமான பைன் மரங்களுக்கு நடுவே சுழலும் காற்றைக் கணிப்பது கஷ்டம். பந்து ஓடையில் விழுந்தால் ஓர் அடி அபராதம்.

2016-ல் கடைசி நாள் பாதி ஆட்டத்தில் 5 அடிகள் முன்னிலையில் இருந்தார் ஜோர்டன் ஸ்பீத். அடுத்த இரு குழிகளில் சின்னச் சறுக்கல். 12-ல் இரண்டு பந்துகள் ஓடைக்குள். அந்தக் குழிக்கு மட்டும் 7 அடிகள்; பட்டமும் போனது. அடிக்கும் முன் இன்னொரு முறை ஆழமாக மூச்சு விடாமல் அவசரப்பட்டதாகப் பின்னர் அவரே சொன்னார்.

2020-ல் டைகர் உட்ஸுக்கு இன்னும் மோசம். இதே இடத்தில் மூன்று பந்துகள் தண்ணீரில். மொத்தம் 10 அடிகள். கோப்பை வாய்ப்பும் இல்லை. ஆனாலும், மீதமிருந்த 6 குழிகளில் ஐந்தை, நிர்ணயித்ததைவிட ஓர் அடி குறைவாகவே முடித்தார்.

ஓடையில் விழுந்த பந்து விழுந்ததுதான். உட்ஸ் அதை அங்கேயே விட்டுவிட்டு அடுத்த குழிக்கு நடந்தார்!