எத்தனை கிராம்?

‘ஆறே மாதத்தில் வரிசைப் பற்கள்’ என்று நகரப் பேருந்தின் முதுகில் விளம்பரம் ஓடுகிறது. க்ளிப் போடும் தொழிலிலிருந்து ஓய்வுபெறும் நேரத்தில் இதைப் பார்க்க எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. முன்பற்கள் லேசாகக் கோணியிருந்தால் ஆறு மாதம் போதும்தான். பல்லைப் பிடுங்கி 7 மில்லிமீட்டர் இடைவெளியை மூடவேண்டிய வாய்க்கும் அதே கணக்கைச் சொல்கிறார்களே! பல் மாதத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும்.

வேருக்கும் எலும்புக்கும் நடுவே இருக்கும் லிகமென்ட் கால் மில்லிமீட்டர் தடிமன். எங்கள் பிழைப்பே அதற்குள்தான். மெதுவாக அழுத்தினால் அங்கே ரத்த ஓட்டம் குறையுமே தவிர நிற்காது. இரண்டொரு நாளில் ஆஸ்டியோகிளாஸ்ட் செல்கள் கூடி எலும்பைக் கரைக்கத் தொடங்கும். நார் இழுபடும் எதிர்ப்பக்கத்தில் புது எலும்பு வளரும். அழுத்தம் மிஞ்சினால் ரத்தக் குழாய் நசுங்கி அந்த இடமே செத்துப்போகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் ஒரு செல்கூட இல்லாமல் கண்ணாடி போல வெறிச்சென்று தெரியும். ஹயலினைசேஷன் என்போம். பல் அப்படியே நின்றுவிடும். பக்கத்து மஜ்ஜையிலிருந்து செல்கள் வந்து எலும்பை உள்ளிருந்து அரித்து வழிவிட வாரக்கணக்கில் ஆகும். அதற்குள் வேரும் கரையக்கூடும். சான்ட்ஸ்டெட் என்ற ஆய்வாளர் 1904லேயே நாய்களின் பற்களை வைத்து, அழுத்தம் மிஞ்சினால் அந்த இடம் செத்துப்போவதைக் காட்டிவிட்டார்.

எங்கள் பேராசிரியருக்கு அழுத்தத்தின் அளவு என்ற இந்த ஒரு விஷயத்தில் மட்டும் சமாதானமே கிடையாது. பல்லைச் சாய்க்க 35 முதல் 60 கிராம், வேரோடு நகர்த்த 70 முதல் 120, எலும்புக்குள் அமிழ்த்த 10 முதல் 20. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லவேண்டும். ஒருநாள் சக மாணவரின் ஸ்பிரிங்கை, அழுத்தத்தை அளக்கும் கேஜில் மாட்டிப் பார்த்தார். சாய்க்கவேண்டிய பல்லுக்கு முள் 90ஐத் தொட்டது. நாற்காலியில் நோயாளி வாயைத் திறந்தபடி இருக்க, ஸ்பிரிங்கைக் கழற்றி, புதுக் கம்பி எடுத்து முதலிலிருந்து வளைக்கச் சொன்னார். “ரத்தம் ஓடணும்யா. அது ஓடலேன்னா நீ இழுத்து என்ன ஆகப்போகுது?”

இன்று எத்தனையோ கிளினிக்குகளில் அந்த கேஜே இல்லை. பல்லை இழுக்கும் ரப்பர் சங்கிலியான பவர் செயினைக் கண்ணளவில் இழுத்து மாட்டிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுகிறார்கள். விலை அதிகமில்லாத ஒரு கருவியை எடுத்து அளக்க ஒரு நிமிடம் ஆகுமா? படித்தவர்கள் செய்யும் இந்த அலட்சியத்தை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பெற்றோருக்கு ஒன்று சொல்கிறேன். ‘நல்லா டைட் பண்ணிவிடுங்க டாக்டர்’ என்று தயவுசெய்து கேட்காதீர்கள். வலி கூடினால் பல் வேகமாக நகர்கிறது என்று அர்த்தமில்லை. எத்தனை கிராம் அழுத்தம் கொடுக்கிறீர்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.