கடலும் முதல் நாவலும்

நாவல் எழுத விழைவோர் முதலில் தேடுவது கருவையன்று, காலத்தையே தேடுகின்றனர். கவிதையை நடக்கும் வழியில் மனத்துள்ளேயே கட்டிவிடலாம். சிறுகதையை ஓரிரவுக் கண்விழிப்பில் எழுதி முடித்தவரும் உளர். நாவலோ பல மாதங்கள் ஒருவருடைய உள்ளத்தில் குடியிருந்து, அவருடைய உணவையும் உறக்கத்தையும் பங்கு கேட்பது. நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் பிறந்து வளர்ந்து, இன்று ஆசிரியராகவோ எழுத்தராகவோ தொழில்புரியும் தமிழருக்கு அத்தகைய காலம் எளிதில் வாய்ப்பதில்லை. ஆகவே அவர்களுள் பலரின் முதல் நாவல் விடுமுறையில்தான் தொடங்கப்படுகிறது. பெரும்பாலும் விடுமுறையோடு முடிந்தும் விடுகிறது.

அண்மைக் காலத்தில் இவ்விடுமுறை கடலுக்கும் சென்றிருக்கிறது. கிள்ளான் துறைமுகத்திலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் புறப்பட்டு, மூன்று நான்கு இரவுகள் மிதந்துவிட்டுத் திரும்பும் உல்லாசக் கப்பல்களில் தமிழ்க் குடும்பங்களையும் காணலாம். பிள்ளைகள் நீச்சல் குளத்தில் துள்ள, பெரியவர்கள் தளத்து நாற்காலிகளில் சாய்ந்திருக்க, அலைபேசியும் அடங்கிப்போன அந்த வேளையில் ஒருவர் புதுக் குறிப்பேட்டைத் திறந்து 'முதல் அத்தியாயம்' என்று எழுதுவாராயின் அதில் நகைப்பதற்கு ஒன்றுமில்லை. நாவலுக்கும் கடலுக்கும் உள்ள உறவு பழமையானது. அது மலாய்க் கடலுக்கு நன்கு அறிமுகமானதும்கூட.

ஜோசப் கான்ராட் என்னும் பெயரை இலக்கிய மாணவர் பலரும் அறிவர். போலந்தியக் குடும்பத்தில் பிறந்து, ஆங்கிலக் கப்பல்களில் மாலுமியாய் உழைத்தவர் அவர். 1887-இல் 'விடார்' என்னும் நீராவிக் கப்பலில் துணை அதிகாரியாகச் சேர்ந்து, சிங்கப்பூருக்கும் போர்னியோவின் ஆற்றுமுகத் துறைகளுக்கும் இடையே பலமுறை சென்றுவந்தார். அங்கு ஓர் ஆற்றங்கரையில் தாம் கண்ட ஐரோப்பிய வணிகர் ஒருவரின் நினைவு அவரை விடவில்லை. 1889-ஆம் ஆண்டின் இலையுதிர் காலத்தில், அடுத்த வேலை கிட்டும்வரை லண்டனில் ஓய்ந்திருந்தபோது, தம் முதல் நாவலாகிய 'ஆல்மேயர்ஸ் ஃபாலி'யைத் தொடங்கினார். அடுத்த ஆண்டு கையெழுத்துப்படி அவரோடு காங்கோவுக்குச் சென்றது. பின்னர் 'டாரன்ஸ்' என்னும் பாய்மரக் கப்பலில் ஆஸ்திரேலியக் கடல்களையும் கண்டது. அக்கப்பலில் பயணம் செய்த இளைஞர் ஒருவரிடம் அதைப் படிக்கக் கொடுத்து, எழுதி முடிக்கத் தகுந்ததுதானா என்று கான்ராட் வினவினார். தகுந்ததே என்று வந்த சுருக்கமான விடை அவருக்குப் போதுமானதாயிற்று. நூல் வெளிவந்தது 1895-இல். ஓய்வில் தொடங்கிய நாவல் முடிவதற்கு ஐந்தாண்டு உழைப்பு வேண்டியிருந்தது என்பதையும், எழுதியவர் லண்டனில் அமர்ந்து லண்டனைப் பற்றி எழுதவில்லை என்பதையும் தொடக்க எழுத்தாளர் மனங்கொள்ள வேண்டும்.

தமிழிலும் இதற்கு இணையான சான்று உண்டு. சிங்கம்புணரியில் 1920-இல் பிறந்த ப. சிங்காரம், பதினெட்டாம் வயதில் கப்பலேறிச் சுமத்ராவின் மேடான் நகருக்குப் பிழைக்கச் சென்றார். ஜப்பானியர் ஆட்சியையும் போரின் முடிவையும் அக்கரையிலேயே கண்டு 1946-இல் ஊர் திரும்பினார். பின்பு மதுரையில் செய்தித்தாள் அலுவலகத்தில் பணியாற்றிக்கொண்டே, பினாங்கும் மேடானும் போர்க்காலமும் உயிர்த்தெழும் 'கடலுக்கு அப்பால்' என்னும் முதல் நாவலை எழுதினார். அது கலைமகள் நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959-இல் நூலாயிற்று. கடலில் இருந்தபோது அவர் பயணி. கடலைக் கடந்து வந்தபின்னரே எழுத்தாளர். பொருளோடு கலந்து நிற்கும் காலம் ஒன்று. அதனின்று விலகி நிற்கும் காலம் மற்றொன்று. முதல் நாவலுக்கு இவ்விரண்டும் வேண்டும் என்பதையே சிங்காரத்தின் வாழ்வு உணர்த்துகிறது.

கித்தாத் தோட்டத்திலிருந்தும் அப்படியொரு முதல் நாவல் பிறந்தது. ஆயின் அதை எழுதியவர் தமிழர் அல்லர். 1905-இல் மலாயாவுக்கு வந்து சிலாங்கூரில் தோட்டம் அமைத்த பிரெஞ்சுக்காரர் ஆன்ரி ஃபொக்கோனியே, 1917-இல் தெனமாரம் தோட்டத்தில் செம்பனையை வாணிக முறையில் முதன்முதலாகப் பயிரிட்டவர். பின்னாளில் மலாயாவை நீங்கித் துனீசியாவில் வாழ்ந்தபோது 'மலேசி' என்னும் நாவலை எழுதினார். 1930-இல் பிரான்சின் உயர்ந்த இலக்கியப் பரிசாகிய கோன்கூர் பரிசு அதற்குக் கிடைத்தது. தமிழ்த் தொழிலாளரும் அந்நூலில் வருகின்றனர். துரையின் கண்ணில் பட்ட அளவுக்கு வருகின்றனர். பெரட்டுக்களத்தில் வரிசையில் நின்றவரின் கண்ணுக்குத் துரை எவ்வாறு தோன்றினார் என்பதை எழுத அந்நூலால் இயலாது. அது அந்நூலின் குறையன்று. எழுத ஓய்வு பெற்றவர் யார், பெறாதவர் யார் என்பதைக் காட்டும் அடையாளம்.

தமிழ்த் தொழிலாளர்க்குக் கப்பல் இல்லாமலா போயிற்று? இன்று உல்லாசக் கப்பலில் செல்பவர்தம் பாட்டனாரும் பாட்டியாரும் கடல் கண்டவர்களே. 1926-இல் கட்டப்பட்ட 'ரஜூலா'வின் பெயரைத் தோட்டங்களில் அறியாத முதியவர் அரியர். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆளேற்றிக்கொண்டு, பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று கரை தொட்டுச் சென்ற கப்பல் அது. தொடக்கத்தில் 5,000-க்கும் மேற்பட்ட தளப் பயணிகளை ஏற்றிச் செல்ல அதற்கு உரிமம் இருந்தது. அப்பயணிகளுக்கு அறையில்லை, கட்டிலில்லை. பாய் விரித்த இடமே வீடு. கடற்காய்ச்சலும் உப்புக்காற்றுமாக ஏறத்தாழ ஒரு வாரம் கழியும். கரையிறங்கியதும் தொற்றுத்தடுப்பு முகாம்; அதன்பின் இரயிலேறிச் சிரம்பான்; அங்கிருந்து லிங்கி, சிலியாவ், ரந்தாவ், லாபு, பகாவ் எனத் தோட்டங்கள் அவர்களைப் பங்கிட்டுக்கொண்டன.

அந்த ஒரு வாரந்தான் அவர்களுள் பலர் வாழ்நாளில் கண்ட ஒரே ஓய்வு என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். முன்னே கங்காணியின் வாக்குறுதி. பின்னே விட்டுவந்த ஊர். இடையில் செய்வதற்கு வேலை ஏதுமின்றி, கடலைப் பார்த்துக்கொண்டு அமர்ந்திருந்த ஏழு நாள். ஒரு நாவலாசிரியன் தவங்கிடந்து வேண்டும் மனநிலை அது. எழுதுகோல்தான் இல்லை, எழுத்தறிவும் பலருக்கு இல்லை. நெஞ்சில் எழுந்தவை பாட்டாயின; தாலாட்டாயின; லயத்து வாசலில் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்ன கதைகளாயின. அச்சேறாத நாவல்கள் எத்தனை அக்கப்பல் தளத்தில் பிறந்து மடிந்தனவோ!

தோட்டத்திற்கு வந்தபின் ஓய்வு என்பதே கிடையாது. விடியுமுன் தண்டல் எழுப்பும் ஓசை, இருட்டிலே பெரட்டு, தலையில் கட்டிய விளக்கின் வெளிச்சத்தில் நிரை நிரையாய்ப் பால்வெட்டு, மங்கில் சேர்ந்த பாலை வாளியில் ஊற்றி ஸ்டோருக்குச் சுமத்தல், ஒட்டுப்பால் உரித்தல், ஆயாக்கொட்டகையில் விட்ட குழந்தையை மீட்டு வருதல். மழை பெய்தால் வேலையில்லை. வேலையில்லையேல் கூலியும் இல்லை. ஆகவே மழைநாளின் ஓய்வும் கவலையாகவே கழிந்தது. இவ்வாழ்க்கையிலிருந்து தப்பிப் பள்ளிக்குச் சென்று, ஆசிரியராகித் திரும்பி வந்தவர்களே பெரும்பாலும் மலேசியத் தமிழ் எழுத்தின் சுமையைத் தோளில் ஏற்றனர். தமிழ்ப்பள்ளியின் கரும்பலகை அருகே பல எழுத்தாளர் உருவானதற்குக் காரணம், மற்றவர்க்கு இல்லாத பள்ளி விடுமுறையேனும் ஆசிரியர்க்கு இருந்ததும் ஆகலாம்.

இம்மண்ணில் எழுதப்பட்டவை இல்லாமல் இல்லை. க. வெங்கடரத்தினத்தின் 'கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி' 1917-இலேயே வெளிவந்து, மலேசியத் தமிழ் நாவலின் தொடக்கமாகப் போற்றப்படுகிறது. எழுபதுகளில் இந்நாட்டிற்கு வந்து தோட்டங்களைக் கண்ட அகிலன் 'பால்மரக் காட்டினிலே' எழுதினார். விருந்தினராய் வந்தவரும் அக்கறையோடு பார்த்தால் நாவல் எழுத இயலும் என்பதற்கு அது சான்று. சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டோரின் துயரை ஆர். சண்முகமும் அ. ரெங்கசாமியும் நாவலாக்கினர். கெடா தோட்டப்புறச் சூழலில் வளர்ந்த கே. எஸ். மணியம் 1981-இல் தம் முதல் நாவலை ஆங்கிலத்தில் தந்தார். இத்தனைக்குப் பின்னும் எழுதப்படாதவை மலைபோல் குவிந்து கிடக்கின்றன.

நெகிரி செம்பிலானையே எடுத்துக்கொள்ளலாம். 1948 முதல் 1960 வரை நீடித்த அவசரகாலத்தில் தோட்ட மக்கள் முள்வேலிக்குள் குடியமர்த்தப்பட்டு, ஊரடங்குக்கும் உணவுக் கட்டுப்பாட்டுக்கும் உட்பட்டு வாழ்ந்தனர். 1954-இல் தோட்டத் தொழிலாளர் தேசிய சங்கம் உருவானபோது, துரையின் முன் தலைகுனிந்து நின்றவர் நிமிர்ந்து பேசக் கற்றார். பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது ஒரே லயத்தில் வாழ்ந்தவர் திசைக்கொருவராயினர். 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர் வேலை செய்ய அனுமதி வேண்டும் என்ற நிலை வந்தது. சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த ஆயிரக்கணக்கானோர் கப்பலேறித் தமிழகம் திரும்பினர். மலாயாவுக்கு ஆளேற்றி வந்த ரஜூலாவே, தன் கடைசி ஆண்டுகளில் அவர்களைத் திருப்பிக்கொண்டு சென்ற கப்பல்களுள் ஒன்றாயிற்று. 1973-இல் அதன் ஓட்டமும் நின்றது. துறைமுக மேடையில் நின்று கையசைத்த தம்பி இங்கே. கப்பல் தளத்தில் நின்ற அக்காள் அங்கே. இதனினும் பெரிய நாவற்கரு வேறு எங்கே கிடைக்கும்?

பால்மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. செம்பனையும் வீழ்ந்து, நீலாயிலும் செண்டாயானிலும் குடியிருப்பு நகரங்கள் எழுந்துள்ளன. லயம் நின்ற இடத்தில் இன்று அங்காடி. கோவில் மட்டும் சிலவிடங்களில் இடம்பெயர்ந்து பிழைத்திருக்கிறது. கப்பலில் வந்தவர் ஏறக்குறைய அனைவரும் மறைந்தனர். அவர்களிடம் நேரில் கதை கேட்ட பிள்ளைகளும் முதுமையை எட்டிவிட்டனர். கான்ராட் ஐந்தாண்டு எடுத்துக்கொண்டார் என்பது உண்மை. ஆனால் அவருடைய ஆற்றங்கரை அவருக்காகக் காத்திருந்தது. தோட்டத்து நினைவு அவ்வாறு காத்திருக்கப் போவதில்லை.

ஆதலின் உல்லாசக் கப்பலில் முதல் நாவலைத் தொடங்க எண்ணும் ஆசிரியரும் மாணவரும் தயங்காமல் தொடங்குக. கடல் தரும் விலகல் பெரிது. கரையில் இருக்கும்போது தோட்டம் ஆயிரம் துணுக்குகளாய்க் கிடக்கும். கரை மறைந்தபின்னர் அது முழு உருவாய்த் தெரியும். ஆனால் கடல் ஒரு மயக்கமும் தரும். கண்ணெதிரே விரியும் நிலவொளியையும் அலையையும் வருணித்து இருபது பக்கம் நிரப்பி, காதலர் இருவரைத் தளத்தில் உலவவிட்டு, கப்பல் கரை சேரும்போது கதையையும் கைவிட்டவர் பலர். அக்கதையை உலகில் எவரும் எழுதலாம். ரந்தாவ் தோட்டத்தில் பால்வெட்டிய ஒரு தாயின் கதையை எவரும் எழுதிவிட இயலாது.

ஆகவே நாவலின் முதற்பணி கப்பலேறுமுன் தொடங்க வேண்டும். வீட்டிலுள்ள முதியவரிடம் அமர்ந்து, எந்தத் தோட்டம், எத்தனையாம் லயம், பெரட்டுக்கு என்ன மணி, கிராணியின் குணம் எப்படி, முதற்கூலியில் வாங்கிய பொருள் எது என்று கேட்டுக் குறித்துக்கொள்ளல் நன்று. 'கஷ்டப்பட்டோம்' என்பது நாவலுக்குப் போதாது. கத்தியைத் தீட்டிய கல் எந்தத் திண்ணையில் கிடந்தது என்பது வேண்டும். பயணத்தில் ஓர் அத்தியாயம் எழுதினாலும் போதும். ஊர் திரும்பியதும் அதை அம்முதியவருக்கே படித்துக் காட்டல் வேண்டும். எழுதியது பொய்யாயின் அவர் முகம் உடனே காட்டிவிடும். மெய்யாயின் அவர் இடைமறித்து, எழுதாததொன்றைச் சொல்லத் தொடங்குவார். இரண்டாம் அத்தியாயம் அங்கே கிடைக்கும். மூன்றாவதை, கப்பலும் விடுமுறையும் இன்றி, பள்ளித் தேர்வுத்தாள் திருத்தி முடித்த இரவுகளில் எழுத வேண்டியிருக்கும். நாவலாசிரியர் யார் என்பது தெரியவருவதும் அந்த இரவுகளில்தான்.